புறக்கடை வழியே புகுந்த கள்வர்

மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கண் முன் எழுவது ஊரிலே விட்டு வந்த வீடேயாகும். திண்ணை, நடை, முற்றம், அடுக்களை, அதற்கப்பால் கிணற்றடி, கிணற்றடிக்கும் அப்பால் புறக்கடை. வாசற் கதவு தேக்கால் ஆனது. அதற்குப் பித்தளைக் குமிழும் பெரும் பூட்டும் உண்டு. புறக்கடைக் கதவோ பழம் பலகையாலானது. ஒரு கொக்கியே அதற்குக் காவல். களவு போன வீடுகளில் வாசற் பூட்டு அப்படியே இருந்ததை நம் பாட்டிமார் கதை கதையாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

தாராவியின் ஒற்றை அறைக் குடியிருப்புகளிலும், மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களிலும், செம்பூர்க் காலனி வீடுகளிலும் புறக்கடைக்கு இடம் ஏது? இரவில் பாய் விரிக்கவே இடம் தேட வேண்டியவர்கள் நம்முள் பலர். ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளில் புறக்கடை உடைய பொருள் ஒன்று நம் வீடுதோறும் வந்து அமர்ந்துவிட்டது. அதுவே கணிப்பொறி. அதன் புறக்கடை எப்பொழுது உண்டாயிற்று, அதன் வழியே எவர் எவ்வாறு புகுந்தனர், புகுந்து என்ன செய்தனர் என்னும் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம். ஆண்டுதோறும் சங்க காலத்தையும் சோழர் கடற்படையையும் பற்றிப் படித்துப் பழகிய அன்பர்கள் இதனையும் வரலாறாகவே ஏற்பார்கள் என நம்புகின்றோம். திருநெல்வேலிக் கடற்கரையில் நிகழ்ந்த ஒன்றும், நம் பாந்திராவில் முடிந்த மற்றொன்றும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதால் இது நமக்கு அயலார் கதையும் அன்று.

இந்தியக் கணிப்பொறியின் தொடக்கமே இம்மாநகரில்தான். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிஃப்ராக் என்னும் பொறி 1960ஆம் ஆண்டில் முறையாகப் பணி தொடங்கியது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்டு, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற அப்பொறியை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த தமிழர், கணித அறிஞர் இரா. நரசிம்மன். 1962இல் அதற்குப் பெயர் சூட்டியவர் பண்டித நேரு. அந்நாளில் கணிப்பொறிக்குள் நுழைய வேண்டுமாயின் அது இருந்த அறைக்குள் நுழைந்தாக வேண்டும். கூர்க்காவின் கண்ணில் படாமல் அது நடவாது. அப்பொறியை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் தமிழர் பெருமை மட்டுமன்று. காவலென்பது அறைக் கதவோடு முடிந்திருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இளையோர் அறிய வேண்டும்.

ஒரே பொறியைப் பலர் தொலைவிலிருந்து பகிர்ந்து பயன்படுத்தும் முறை வந்தபொழுது அக்காலம் மாறிற்று. 1974இல் அமெரிக்க வான்படைக்காக கார்கர், ஷெல் என்னும் இருவர் மல்டிக்ஸ் என்ற பொறியமைப்பைச் சோதித்தனர். நிரலை எழுதுவோர் தமக்கென ஓர் இரகசிய நுழைவழியை அதனுள்ளேயே அமைத்துவிட இயலும் என்பதையும், அதைப் பின்னர் கண்டறிதல் மிக அரிது என்பதையும் அவர்கள் செய்தே காட்டினர். நிலத்தடிக் கதவு எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். பத்தாண்டுகள் கழித்து, 1984இல், யூனிக்ஸ் அமைப்பை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்சன் தம் பரிசேற்புரையில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நாம் எழுதும் நிரலைப் பொறிமொழியாக மாற்றித் தரும் கருவி ஒன்று உண்டு. அக்கருவியிலேயே வஞ்சகத்தை ஒளித்துவிட்டால், எழுதிய நிரலை எழுத்தெண்ணிப் படித்தாலும் அதில் குற்றம் தெரியாது. ஆனால் ஆகிவரும் பொருளில் புறக்கடை இருக்கும். கொற்றன் கட்டிய வீட்டின் வரைபடத்தில் கதவு இல்லை. கட்டிய வீட்டில் கதவு இருக்கிறது! தாம் எழுதாத நிரலை எவரும் முழுதும் நம்ப இயலாது என்றார் அப்பெருமகனார். அன்று அது அறிஞர் அவையின் வியப்புரையாக மட்டுமே இருந்தது.

தனியார் வீட்டுக் கணிப்பொறிக்குத் தொல்லை அண்டை நாட்டிலிருந்து வந்தது. 1986இல் லாகூரைச் சேர்ந்த சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டுக்கு நெகிழ்வட்டு தாவிப் பரவிற்று. விந்தை யாதெனில், அதனுள்ளே அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொறித்திருந்தனர். கள்வன் தன் அடையாளச் சீட்டை விட்டுச் செல்வது இதற்குப் பின் அரிதாகிவிட்டது. இத்தகைய நச்சுநிரல்கள் பரவின, பொறியை அலைக்கழித்தன, அழித்தன; ஆயினும் எழுதியவனுக்கு அப்பொறியின்மேல் ஆட்சி இல்லை. அம்பு எய்தவனுக்கு, எய்த பின் அம்பின்மேல் ஆட்சி இல்லாதது போலத்தான்.

ஆட்சி வந்தது இணையத்தோடு. 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மூன்றாண்டுகளுக்குள், 1998 மார்ச்சில், ஸ்வீடன் நாட்டினர் ஒருவர் ‘நெட்பஸ்’ என்ற நிரலை வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், தம்மைச் செத்த பசுவின் வழிபாட்டினர் என்று அழைத்துக்கொண்ட ஒரு குழுவினர் ‘பேக் ஆரிஃபிஸ்’ என்பதை வெளியிட்டனர். விண்டோஸ் அமைப்பின் காவல் எத்துணை வலுவற்றது என்று உலகுக்குக் காட்டவே அவ்வாறு செய்ததாக அவர்கள் கூறினர். காட்டியது உண்மை. அதனைக் கையில் எடுத்தோர் அனைவரும் காட்டுவதோடு நிற்கவில்லை என்பதும் உண்மை.

நம் குடியிருப்பிலும் அந்நாளில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மகனின் படிப்புக்கென்று கடன்பட்டுக் கணிப்பொறி வாங்கிய அன்பர் ஒருவர் வீட்டில், இரவு வேளையில் குறுவட்டு வைக்கும் தட்டு தானே வெளியே வரும். தானே உள்ளே போகும். அம்மையார் திருநீறு பூசினார். பேரப்பிள்ளைகள் பேய் என்று அலறினர். பின்னர் விசாரித்ததில், மகனோடு படித்த நண்பன் ‘விளையாட்டு’ என்று சொல்லித் தந்த ஒரு வட்டின் வழியே நெட்பஸ் புகுந்திருந்தது தெரிய வந்தது. நண்பன் தன் வீட்டில் அமர்ந்தபடி தட்டைத் திறந்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். அனைவரும் சிரித்தோம். தட்டைத் திறக்க வல்லவன் கடிதங்களையும் திறக்க வல்லவன் என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை.

இனி, இக்கள்வன் புகும் வகையைச் சற்று விரித்துரைப்பாம். மேனாட்டார் இதற்கு டிராய் நகரத்து மரக்குதிரையை உவமை கூறுவர். நமக்கு அத்துணைத் தொலைவு செல்லத் தேவையில்லை. கொங்குவேளிர் அருளிய பெருங்கதையிலே உதயணன் சிறைப்பட்ட வரலாறு உண்டன்றோ? யாழிசையால் யானையை வசப்படுத்த வல்லவன் உதயணன். யானை என்றால் அவனுக்கு உயிர். இதனை நன்கறிந்த பிரச்சோதன மன்னன் பொறியால் இயங்கும் யானை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றில் வீரரை ஒளித்துக் காட்டிலே விடுத்தான். யானையைக் காணச் சென்றவன் பகைவர் கையில் அகப்பட்டான். இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது யானையின் பொறியை அன்று. உதயணனின் விருப்பத்தைப் பகைவன் அறிந்திருந்தான் என்பதையே. வேறொருவனுக்கு யானை விடுத்திருந்தால் பயனில்லை.

கணிப்பொறிக் கள்வனும் அதையே செய்கிறான். வேலை தேடும் இளைஞனுக்குப் பணி ஆணை, வணிகனுக்கு விலைப்பட்டியல், வழக்குரைஞனுக்கு வழக்குக் குறிப்பு, ஓய்வூதியம் பெறுவோர்க்கு வங்கி அறிவிப்பு என்று ஒரு கோப்பு மின்னஞ்சலில் வரும். திறந்தால் ஒரு கடிதமும் கண்முன் தோன்றும். ஆகவே ஐயம் எழாது. கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அவ்விமைப்பொழுதில் பின்னே மற்றொரு நிரல் தன்னைப் பொறியுள் நிறுவிக்கொள்ளும். அமைப்புக்கு உரிய கோப்பு போன்ற பெயரைப் பூண்டு, பொறி ஒவ்வொரு முறை எழும்பொழுதும் தானும் எழும்படி விண்டோஸின் பதிவேட்டில் ஒரு வரியை எழுதிவிடும். வேலைக்காரனாக வேடமிட்டு வந்தவன் அடுக்களை மூலையில் பாயும் போட்டுவிட்டான்!

புகுந்தவன் தன் தலைவனோடு பேசுவது எங்ஙனம் என்பதிலும் ஒரு வளர்ச்சி உண்டு. பேக் ஆரிஃபிஸ் போன்ற முற்கால நிரல்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வருவோர்க்காகக் காத்திருந்தன. பின்னர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தீச்சுவர் என்னும் காவல் வந்தது. வெளியிலிருந்து அழையாமல் வருவோரை அது தடுத்தது. உடனே கள்வர் முறையைத் தலைகீழாக்கினர். உள்ளே இருப்பவனே வெளியே தலைவனை அழைப்பான். உள்ளிருந்து புறப்படும் அழைப்பைக் காவலன் பெரும்பாலும் தடுப்பதில்லை; வீட்டார் கடைக்குப் போவதை வாயிற்காவலன் தடுப்பானா? அவ்வழைப்புக்கு விடையாக ஆணைகள் வரும். விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வோர் எழுத்தும் குறிக்கப்படும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். திரை படமாக எடுக்கப்படும். கோப்புகள் பட்டியலிடப்பட்டுச் சுருட்டி அனுப்பப்படும்.

இவை அனைத்தும் எடுத்துச் செல்லும் தொழில். கள்வன் என்றால் எடுப்பவன் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் புறக்கடை உடையவனுக்கு எடுத்தல் எவ்வளவு எளிதோ, வைத்தலும் அவ்வளவே எளிது. நம் பெட்டியுள் நாம் அறியாத கோப்பை அவன் கொண்டு வந்து வைக்கலாம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டு சட்ட அறிஞர் ஒருவரின் கணிப்பொறியில் சிறுவரைப் பற்றிய ஆபாசப் படங்கள் ஆயிரக்கணக்கில் காணப்பட்டன. அவர் வேலையை இழந்தார். நாட்டை விட்டே வெளியேறினார். நெட்பஸ் வழியே பிறர் அவற்றை வைத்திருக்கக்கூடும் என்பது வழக்கில் வெளிப்பட்டு, 2004இல்தான் அவர் விடுவிக்கப்பெற்றார். குறுவட்டுத் தட்டைத் திறந்து நாம் சிரித்தோமே, அதே நிரல்தான்.

நம் செம்பூரின் அயலிடமாகிய டிராம்பேக்கு வருவோம். 1998 மே திங்களில் பொக்ரான் அணுச் சோதனை நிகழ்ந்த சில வாரங்களுக்குள், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணிப்பொறிகளில் அயல்நாட்டு இளைஞர் சிலர் இணைய வழியே புகுந்து மின்னஞ்சல்களைக் கவர்ந்தனர். அம்மையத்தில் பணிபுரிந்த தமிழர் நம் காலனிகளில் பலர். இஃது ஓர் எச்சரிக்கை மணி எனலாம்.

அணுசக்தி நகரில் நம் மின்தொடர் வண்டிக்கு எட்டும் தொலைவில் இந்திய அணுமின் கழகத்தின் தலைமையகம் உள்ளது. கூடங்குளத்து அணுமின் நிலையம் இக்கழகத்துக்கு உரியது. தாராவியில் வாழும் திருநெல்வேலி அன்பர்களுக்குக் கூடங்குளம் என்ற பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தலா 1,000 மெகாவாட் ஆற்றலுடைய இரண்டு உலைகள் அங்கே இயங்கி வருகின்றன. 2019 அக்டோபர் 28ஆம் நாள், டிட்ராக் என்னும் தீநிரலின் ஒரு மாதிரியில் கூடங்குள நிலையத்தின் பெயரும் அதன் பொறியமைப்பு மேலாளர் கணக்கும் எழுதப்பட்டிருப்பதாகச் செய்தி பரவிற்று. மறுநாள் நிலையத்தார் அதனை மறுத்து அறிக்கை விடுத்தனர். அதற்கும் மறுநாள், அக்டோபர் 30ஆம் நாள், கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. நாட்டின் கணிப்பொறி அவசர உதவிக் குழு செப்டம்பர் 4ஆம் நாளே இதனைத் தெரிவித்ததென்றும், நிருவாகப் பணிக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு தனிக் கணிப்பொறியே பாதிக்கப்பட்டதென்றும், உலையை இயக்கும் வலையம் அதிலிருந்து முற்றும் பிரிக்கப்பட்டதென்றும் அறிக்கை கூறிற்று.

ஒரே நாள் இடைவெளியில் மறுப்பும் ஒப்புதலும் வந்தன. கழகத்தின் இரண்டாம் அறிக்கையை நாம் ஐயுறவில்லை. உலைக்கு ஊறு நேரவில்லை என்பது ஆறுதலே. ஆனால் செப்டம்பரில் அறிந்ததை அக்டோபர் இறுதியில் ஒருவர் வெளியே சொன்ன பின்னரே சொல்ல வேண்டுமா என்று கடற்கரை மீனவர் கேட்டால் என்ன விடை கூறுவது? டிட்ராக் யாது செய்ய வல்லது என்பதைக் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வெளியிட்டிருந்தனர். தட்டும் எழுத்துகளைக் குறித்தல், இணைய உலாவின் வரலாற்றைத் திரட்டல், இயங்கும் நிரல்களையும் வலைத் தொடர்புகளையும் வட்டுகளில் உள்ள கோப்புகளையும் பட்டியலிடல் ஆகியவை அதன் தொழில்கள். அழிப்பது அதன் நோக்கமன்று, அறிவதே நோக்கம். இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு நிரல், நம் நாட்டு வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளில் புகுந்து அட்டை விவரங்களைக் கவரச் செய்யப்பட்டது என்பதும் அவர்கள் கண்டதே. அணு நிலையத்துக்கும் நம் அட்டைக்கும் ஒரே குலத்துக் கள்வர்!

இடையே இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். இப்பொழுது பொறி யானை கைபேசிக்கும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். பெயரின் இறுதியில் ஏபிகே என்னும் மூன்று எழுத்துகள் இருக்கும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வருமே அன்றி ஏபிகே ஆக வாராது. ஏபிகே என்பது நிறுவிக்கொள்ளும் நிரல். உறவினர் எண்ணிலிருந்தே அது வரலாம். அவர் கைபேசி முன்னரே அகப்பட்டிருக்கும். கலியாணம் என்றால் நமக்கு விருப்பம் என்பதைக் கள்வன் அறிவான். உதயணனுக்கு யானை எப்படியோ, நமக்குக் கலியாணம் அப்படி.

இனி நாம் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகின்றோம். சங்க மலரில் அரசியல் வேண்டா என்பது நம் மரபு. வழக்கின் குற்றச்சாட்டுகள் பற்றி இங்கே ஒன்றும் உரைக்கப் போவதில்லை. கணிப்பொறியின் புறக்கடை பற்றிய வரலாற்றில் இதனை விட்டுவிட்டால் அவ்வரலாறு பொய்யாகிவிடும் என்பதனாலேயே எழுதுகின்றோம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர் ஸ்டான் சுவாமி. ஏசு சபைத் துறவியாகி, வாழ்நாளின் பெரும்பகுதியை ஜார்கண்டுப் பழங்குடி மக்களிடையே கழித்தவர். பீமா கோரேகாவ் வழக்கில் 2018இலும் 2019 ஜூன் 12ஆம் நாளும் ராஞ்சியில் அவர் தங்கியிருந்த இடத்தைப் புணே காவல்துறையினர் சோதனையிட்டனர். அவருடைய கணிப்பொறி கைப்பற்றப்பட்டது. வழக்கு 2020 ஜனவரியில் தேசியப் புலனாய்வு அமைப்பின் கைக்கு மாறிற்று. அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள், 83 வயதில், அவர் கைது செய்யப்பட்டு மும்பைக்குக் கொண்டு வரப்பெற்றுத் தலோஜா சிறையில் வைக்கப்பட்டார். பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயினால் குவளையை ஏந்த இயலாமல், நீர் பருக உறிஞ்சு குழல் வேண்டுமென்று நவம்பரில் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார்.

அதே வழக்கில் அவருக்கு முன்னரே, 2018இல், கைதானவர் தில்லியில் இருந்த ரோனா வில்சன். அவருடைய வட்டின் நகலை வழக்குரைஞர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆர்சனல் கன்சல்டிங் என்னும் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினர். 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையின் சாரம் இது: 2016 ஜூன் 13ஆம் நாள், வழக்கில் பின்னர் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட கவிஞர் வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வில்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. உடன் வந்த ஆவணத்தைத் திறக்கும்படி அக்கணக்கை ஆண்டவர் வற்புறுத்தினார். வில்சன் திறந்தார், கண்ணுக்கு ஓர் ஆவணம் தெரிந்தது. பின்னே நெட்வயர் என்னும் நிரல் அமர்ந்தது. அன்று தொட்டு ஏறத்தாழ 22 திங்கள் அவருடைய கணிப்பொறி வேறொருவர் ஆட்சியில் இருந்தது. மறைக்கப்பட்ட ஒரு கோப்புறை உண்டாக்கப்பட்டு, வழக்கிற்கு ஆதாரமாகப் பின்னர் காட்டப்பெற்ற கடிதங்கள் அதனுள் வைக்கப்பட்டன. அக்கடிதங்களை எவரும் அப்பொறியில் திறந்து பார்த்ததற்குத் தடயம் இல்லை. அவற்றுட் சில, அப்பொறியில் இல்லாத பிற்காலத்து வேர்டு நிரலில் ஆக்கப்பட்டவை.

இந்த நெட்வயர் யாரும் கிடைத்தற்கரிய படைக்கலம் அன்று. 2012 தொடங்கி இணையத்தில் வெளிப்படையாக விலைக்கு விற்கப்பட்ட சரக்கு. தொலைவிலிருந்து பொறியை மேலாளும் கருவி என்று சொல்லி விற்றனர். 2023 மார்ச்சில் அமெரிக்க அரசு அதன் விற்பனைத் தளத்தைக் கைப்பற்றியது; குரோவேஷிய நாட்டில் ஒருவர் கைதானார். அதற்குள் பதினோராண்டு வாணிகம் நடந்துவிட்டது. இத்தாக்குதல்களை நடத்திய கூட்டத்தாரைப் பற்றி 2022 பிப்ரவரியில் சென்டினல்ஒன் நிறுவனத்தார் எழுதியபொழுது, அக்கூட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயரும் திருத்தப்பட்ட யானை என்பதே. அவர்கள் பெருங்கதை படித்திருக்க வழியில்லை.

தேசியப் புலனாய்வு அமைப்பு இவ்வறிக்கைகளை ஏற்கவில்லை. அரசு ஆய்வுக்கூடத்தின் சோதனையில் தீநிரல் எதுவும் காணப்படவில்லை என்றது. ஆர்சனல் அறிக்கைகள் குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பு வேண்டிப் பெற்றவை என்பதையும், தாக்கியவர் இன்னார் என்று அவை பெயர் சுட்டவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறிவிடுதல் நம் கடமை. எது மெய் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு.

ஆயினும் சட்டத்தின் பக்கம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கைப்பற்றிய வட்டுக்கு ஓர் எண்கோவை கணித்துச் சீட்டில் எழுதுவர். வட்டில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஆதலால் கைப்பற்றிய பின் எவரும் எதனையும் சேர்க்கவில்லை என்பதற்கு அது சான்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் சான்றிதழில் இவ்வெண்ணைக் கேட்கிறது. நல்லதே. ஆனால் கைப்பற்றுவதற்கு முன்னர் அக்கோப்பை வைத்த கை எவருடையது என்பதை அவ்வெண் சொல்லாது. பூட்டிய அறையின் முத்திரை உடையவில்லை என்று காட்டலாம். பூட்டுமுன் புறக்கடை வழியே வந்தவன் யார் என்பதை முத்திரையிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு வட்டில் எஞ்சிய சுவடுகளைத் திங்கள் கணக்கில் பொறுமையோடு ஆராய வேண்டும். அவ்வாராய்ச்சிக்குப் பொருளும் காலமும் வேண்டும். சிறையில் இருக்கும் முதியவரிடம் இரண்டும் இல்லை.

2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் ஸ்டான் சுவாமிக்குப் பிணை மறுத்தது. உயர் நீதிமன்ற ஆணையின்படி மே 28ஆம் நாள் பாந்திராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் சேர்க்கப்பெற்றார். அங்கே கொரோனாத் தொற்றும் கண்டது. ஜூலை 5ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருடைய பிணை மனுவை எடுத்துக்கொண்டபொழுது, அன்று அவர் உயிர் நீத்த செய்தியை மருத்துவர் நீதிபதிகளிடம் தெரிவித்தார். மறுநாள் பாந்திராவின் புனித பேதுரு ஆலயத்தில் வழிபாடு நடந்தது. நம்முள் பலர் செய்தித்தாளில் அப்பெயரைப் படித்தபொழுதுதான் அவர் தமிழர், விரகாலூர்க்காரர் என்பதையே அறிந்தோம்.

அவருடைய கணிப்பொறியைப் பற்றிய ஆர்சனல் அறிக்கை பின்னர் வந்தது. 2014 அக்டோபரிலேயே நெட்வயர் அதனுள் புகுந்துவிட்டது என்றும், வில்சனின் பொறியை ஆண்ட அதே கை இதனையும் ஆண்டது என்றும், 40க்கு மேற்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து அதில் வைக்கப்பட்டன என்றும் அது கூறிற்று. 2019 ஜூன் 11ஆம் நாள் இரவு, தன் அடிச்சுவடுகளைத் துடைக்கும் பணியில் அக்கை முனைந்திருந்ததாம். காவல்துறையினர் வந்து கணிப்பொறியைக் கைப்பற்றியது மறுநாள். அறிக்கை வெளியான திங்கள் 2022 டிசம்பர். பெரியவர் மறைந்து அப்பொழுது ஓராண்டும் ஐந்து திங்களும் ஆகியிருந்தன.